டேபிள்கள் பெருகிக் குழம்பும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோயம்பேட்டில் காய்கறி எடுத்து நகரம் முழுக்கக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்தபோது அதில் நானூறு டேபிளுக்கு மேல் இருந்தது. ஃபாரின் கீ (ஒரு டேபிளின் ரெக்கார்டு இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கும் ரெக்கார்டைத்தான் சுட்ட வேண்டும் என்ற விதி) பத்துப் பன்னிரண்டுதான். எந்த டேபிளுக்கும் விளக்கம் கிடையாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர் செய்தபோது திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகள் இவை. உங்களிடம் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு கோளாறையும் தோண்டிப் பார்த்தால், யாரோ ஒருவர் மனதில் இருந்த விதி டேட்டாபேஸுக்குச் சொல்லப்படவே இல்லை என்பதுதான் அடியில் இருக்கும். அதனால் தவறான ரெக்கார்டைத் திருத்துவதோடு நிறுத்தாமல், அது எந்த விதியை மீறியது என்று தேடுங்கள். நான் சொல்வதெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்து. இன்னொரு மென்பொருளான மைஎஸ்கியூஎல் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

அறிகுறி: ஒரே மாதிரிப் பெயரில் நாலு டேபிள், எது நிஜம் என்று தெரியவில்லை

கடை விவரம் தேடினால் கஸ்டமர், கஸ்டமர்_நியூ, கஸ்டமர்_பேக்கப், கஸ்டமர்_2 என்று வரிசையாக வந்து நிற்கும். புதிதாக வந்தவர் பெயரை நம்பி 'நியூ'வில் எழுதிவிடுவார். எங்களிடம் இருந்ததிலேயே பழையது அந்த 'நியூ'தான்.

எதையும் உடனே அழிக்காதீர்கள். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற வியூவில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, டேபிள் போலப் படிக்க வைத்தது) ஒவ்வொரு டேபிளும் எத்தனை முறை படிக்கப்பட்டது, எத்தனை ரெக்கார்டு சேர்ந்தது, மாறியது என்ற எண்ணிக்கை இருக்கும். இன்று ஒரு முறை எடுத்து வையுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் பூஜ்யமாக இருப்பவை சந்தேகப் பட்டியலுக்குப் போகட்டும். ஆனால் சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் இந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதைவிட முக்கியம், ரிப்போர்ட்டுகள் ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) ஓடினால் அந்தப் படிப்பு பிரைமரியின் (மூல சர்வரின்) கணக்கில் வராது. இரண்டு இடத்திலும் பார்க்காமல் 'யாரும் தொடவில்லை' என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்து 'காப்பகம்' என்று ஒரு ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் தனிப் பிரிவு) உருவாக்கி, சந்தேகமான டேபிள்களை 'ஆல்டர் டேபிள், செட் ஸ்கீமா' கட்டளையால் அங்கே மாற்றுங்கள். டேபிள் எவ்வளவு பெரிதானாலும் இது நொடியில் முடியும். இண்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கட்டுப்பாடுகளும் கூடவே போய்விடும். இதில் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன்: வியூக்கள் டேபிளைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, உள் எண்ணால் வைக்கின்றன. அதனால் டேபிளை இடம் மாற்றினாலும் அதன் மேல் கட்டிய வியூ எந்தச் சத்தமும் இல்லாமல் தொடர்ந்து ஓடும். அப்ளிகேஷனில் எதுவும் உடையவில்லை என்பதால் டேபிளை யாரும் பயன்படுத்தவில்லை என்று ஆகாது. டிராப் செய்வதற்கு (அழிப்பதற்கு) முன் அதைச் சார்ந்த வியூ உண்டா என்று பாருங்கள். 'கேஸ்கேட்' சேர்த்து டிராப் செய்யவே செய்யாதீர்கள், வியூவும் சேர்ந்து போய்விடும்.

எவ்வளவு நாள் காப்பகத்தில் வைப்பது? எங்கள் வழக்கம், ஒரு மார்ச் 31 தாண்டும்வரை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஆடிட்டருக்காக ஓடும் குவெரிகள் இருக்கின்றன. அவை வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தலைகாட்டும்.

மிச்சமானவற்றைக் கொள்முதல், விற்பனை, வண்டி, கணக்கு என்று ஸ்கீமாக்களாகப் பிரியுங்கள். எந்த டேபிள் எங்கே என்று விவாதம் வந்தால், அதில் யார் எழுதுகிறார்களோ அவர்களுடைய ஸ்கீமாவில் வையுங்கள். படிப்பவர்கள் எல்லாப் பக்கமும் இருப்பார்கள், அதை அளவுகோலாக எடுத்தால் விவாதம் முடியாது. அப்புறம், பொதுவான பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் டேபிள் உருவாக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல் புதிய டேட்டாபேஸ்களில் அது இயல்பாகவே இருக்காது. பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்தவற்றில் உரிமை அப்படியே தங்கியிருக்கும், கையால்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே கடை மூன்று தடவை பதிவாகியிருக்கிறது

எனக்கு மிக அதிக நேரம் எடுத்தது இதுதான்.

சென்னை முகவரியை வைத்து ஒரு கடையை அடையாளம் காண முடியாது. பழைய எண் 12, புதிய எண் 27 என்று ஒரே வாசலில் இரண்டு எண் தொங்கும். ஒரு டெலிவரி பையன் பழைய எண்ணைப் பதிவு செய்வான், இன்னொருவன் புதிய எண்ணை, மூன்றாமவன் 'பழைய 12, புதிய 27' என்று இரண்டையும் ஒரே ஃபீல்டில் போடுவான். காந்தி தெரு எத்தனையோ பகுதியில் உண்டு. கடைக்காரர் பெயரிலும் இதே கதைதான், இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடு வரும், புள்ளி இல்லாமலும் வரும்.

முதல் வேலை, முகவரி ஃபீல்டைப் பிரிப்பது. பழைய எண், புதிய எண், தெரு, பின்கோடு எல்லாம் தனித்தனி. பின்கோடு எழுத்து வகையில் இருக்கட்டும், ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் அல்ல என்று ஒரு செக் (மதிப்பைச் சோதிக்கும் கட்டுப்பாடு) போதும். தொலைபேசி எண்ணையும் எழுத்து வகையிலேயே வையுங்கள். பத்து இலக்க மொபைல் எண் சாதாரண இன்டிஜரில் அடங்காது, அதன் உச்சம் 214 கோடியே 74 லட்சம் சொச்சம்தான். பெரிய எண்களுக்கான பிக்இன்ட் வகை ஆக்கினால் எண் அடங்கும், ஆனால் 044 என்று தொடங்கும் லேண்ட்லைனின் முன் பூஜ்யம் காணாமல் போகும்.

இரண்டாவது, எதை யுனிக் (இரண்டு தடவை வரக்கூடாதது) ஆக்குவது என்று தீர்மானிப்பது. மொபைல் எண் ஆகாது, அண்ணன் தம்பி இரண்டு கடை வைத்து ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்கு அது நல்ல அடையாளம்: 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் பான் எண். ஒரே எண்ணின் கீழ் ஒருவர் இரண்டு கிளை நடத்தலாம் என்பதால் நாங்கள் 'நிறுவனம்' என்று ஒரு டேபிளும் 'கடை' என்று ஒரு டேபிளும் ஆக்கினோம். ஜிஎஸ்டி எண்ணுக்கான யுனிக் நிறுவனத்தில் இருக்கிறது.

ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சின்னக் கடைகள் நிறைய உண்டு. அவற்றுக்கு நல் (மதிப்பே இல்லை என்று காட்டும் குறி) வையுங்கள். யுனிக் கட்டுப்பாடு நல் எத்தனை வந்தாலும் ஏற்கும், போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் அப்படித்தான். ஆனால் வெற்று எழுத்துச் சரம் நல் கிடையாது. ஸ்கிரீனில் ஃபீல்டைக் காலியாக விட்டால் அப்ளிகேஷன் வெற்றுச் சரம் அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால் இரண்டாவது சின்னக் கடையைச் சேர்க்கும்போதே 'ஏற்கனவே உள்ளது' என்று பிழை வரும். அதைத் தாண்டுவதற்காக ஆட்கள் 'இல்லை', 'இல்லை1', புள்ளி என்று எதையாவது அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கட்டுப்பாடு போட்டதால் குப்பை குறைவதற்குப் பதிலாகக் கூடுவது இப்படித்தான்.

மூன்றாவது, தமிழில் பதிவாகும் பெயர்கள். இதை நம்மூரில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் 'கோமதி ஸ்டோர்ஸ்' இரண்டு இருந்தது. பெயருக்கும் பகுதிக்கும் சேர்த்து யுனிக் போட்டிருந்தும் இரண்டும் உள்ளே வந்துவிட்டன. ஸ்கிரீனில் ஒட்டிப் பார்த்தால் இம்மியளவு வித்தியாசம் இல்லை. 'லெங்த்' (எத்தனை குறியீடு என்ற எண்ணிக்கை) கேட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு 14, இன்னொன்றுக்கு 16. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகார இரட்டைச் சுழியும் காலும் தனித்தனியாக, அதாவது இரண்டு குறியீடாகவும் எழுதலாம். அந்தப் பெயரில் ஓகாரம் இரண்டு இடத்தில் வருவதால் இரண்டு கூடியிருந்தது. கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு.

போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. டேட்டாபேஸ் யுடிஎஃப்-8 (யுனிகோடைச் சேமிக்கும் முறை) ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் பழைய ரெக்கார்டுகளை என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு 'பெயர் ஈஸ் என்எஃப்சி நார்மலைஸ்டு' என்று ஒரு செக் போட்டால் இனி பிரிந்த வடிவம் உள்ளே வராது. இதுவும் எல்லாவற்றையும் பிடிக்காது. ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் நார்மலைஸ் தொடாது, யுனிகோடைப் பொறுத்தவரை அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். சில கீபோர்டுகள் நடுவில் நுழைக்கும் அகலமில்லா இணைப்புக் குறிகளையும் அது விட்டுவிடும். அவற்றை நீக்க ஒரு டிரிக்கர் (சேமிக்கும்போது தானாக ஓடும் நிரல்) எழுதிக்கொண்டோம்.

இருக்கும் இரட்டைப் பதிவுகளை இணைக்கும்போது பழைய எண், புதிய எண் என்று ஒரு இணைப்பு டேபிள் வையுங்கள். பில்களில் அச்சான பழைய கடை எண்ணைச் சொல்லி யாராவது போன் செய்யத்தான் போகிறார்கள். சுத்தம் செய்த பிறகு யுனிக் இண்டெக்ஸை 'கன்கரன்ட்லி' சேர்த்து உருவாக்குங்கள், எழுதுவது நிற்காது. நடுவில் ஒரு இரட்டை அகப்பட்டால் இண்டெக்ஸ் செல்லாத நிலையில் தங்கிவிடும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அறிகுறி: ஃபாரின் கீ சேர்க்கப் போனால் மறுக்கிறது, அல்லது எல்லாம் நின்றுவிடுகிறது

மறுத்தால், தாய் இல்லாத ரெக்கார்டுகள் (கடையே இல்லாத ஆர்டர் மாதிரி, சுட்டும் ரெக்கார்டு இல்லாதவை) இருக்கின்றன என்று பொருள். லெஃப்ட் ஜாயின் (தாய் இல்லாவிட்டாலும் ரெக்கார்டைக் காட்டும் இணைப்பு) போட்டு, தாய்ப் பக்கம் நல்லாக வருபவற்றை எண்ணுங்கள். அவற்றை அழிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த ஆர்டருக்குப் பணம் வந்திருக்கலாம், கணக்குப் பிரிவில் கேளுங்கள். தேவைப்பட்டால் 'பழைய பதிவு, கடை தெரியவில்லை' என்று ஒரு தாய் ரெக்கார்டு உருவாக்கி அதனுடன் இணைக்கலாம்.

அதற்குள் புதிய குப்பை சேராமல் இருக்க, ஃபாரின் கீயை இப்போதே 'நாட் வேலிட்' என்று சேர்த்துவிடுங்கள். இனி வருபவை சரிபார்க்கப்படும், பழையவை அப்படியே இருக்கும். சுத்தம் முடிந்ததும் 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்' ஓட்டுங்கள். இது பெரிய டேபிளில் நேரம் எடுக்கும், ஆனால் எழுதுவதைத் தடுக்காது.

எல்லாம் நிற்பதற்குக் காரணம் வேறு. ஃபாரின் கீ சேர்க்கும் கட்டளை இரண்டு டேபிளிலும் எழுதுவதைத் தடுக்கும் லாக் கேட்கும். ஒரு மதியம் நான் அந்தக் கட்டளையைக் கொடுத்தபோது, ஒருவர் ஆர்டர் டேபிளில் ஒரு திருத்தத்தை கமிட் செய்யாமல் (இறுதியாக்காமல்) சாப்பிடப் போயிருந்தார். என் கட்டளை அவருக்காகக் காத்திருந்தது. என் பின்னால் வந்த ஒவ்வொரு ஆர்டரும் எனக்காகக் காத்திருந்தது. ஓடாத கட்டளை ஒன்று வரிசையில் நின்றாலே போதும், கடையே நின்றுவிடும். அன்றிலிருந்து 'லாக் டைம்அவுட்' (லாக்குக்காகக் காத்திருக்கும் வரம்பு) மூன்று நொடி வைக்காமல் எந்த ஆல்டரும் கொடுப்பதில்லை. கிடைக்கவில்லையா, விட்டுவிட்டுப் பிறகு முயற்சி செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. 'ராத்திரி 2 மணிக்குச் செய்' என்று எந்த வழிகாட்டியும் சொல்லும். கோயம்பேட்டுக்கு அதுதான் உச்ச நேரம், எங்களுக்கு மதியம் 2 மணிதான் அமைதி. உங்கள் டேட்டாபேஸ் எப்போது தூங்குகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு ரெக்கார்டை டெலீட் செய்ய நிமிடக்கணக்கில் ஆகிறது

குழந்தை டேபிளின் ஃபாரின் கீ ஃபீல்டில் இண்டெக்ஸ் இல்லை. போஸ்ட்கிரெஸ் அதைத் தானாக உருவாக்காது, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி உருவாக்கும். அங்கிருந்து இங்கே மாறியவர்கள் இதில் தவறாமல் மாட்டுவார்கள். இண்டெக்ஸ் சேருங்கள், தீர்ந்தது.

அறிகுறி: செக் இருந்தும் தவறான மதிப்பு உள்ளே இருக்கிறது

எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று செக் போட்டிருக்கிறீர்கள், எடையே இல்லாத ரெக்கார்டு வருகிறது. நல்லைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது'. செக் 'பொய்' வந்தால் மட்டுமே தடுக்கும், 'தெரியாது' என்பதை உள்ளே விடும். கூடவே நாட் நல் போட வேண்டும். பெரிய டேபிளில் நாட் நல் போட்டால் அது முழு டேபிளையும் லாக்கோடு படிக்கும். அதற்கு முன்பு 'ஈஸ் நாட் நல்' என்ற செக்கை நாட் வேலிட் ஆகச் சேர்த்து, வேலிடேட் செய்துவிட்டால், போஸ்ட்கிரெஸ் 12 முதல் அந்தப் படிப்பைத் தவிர்த்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் இருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 8.0.16க்கு முன்பு செக் எழுதினால் பிழை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு தூக்கி எறிந்துவிடும். புதிய பதிப்புக்கு மாறியதும் அது உயிர்பெறாது, திரும்ப எழுத வேண்டும்.

அறிகுறி: விடியற்காலை விற்பனை முந்தைய நாள் கணக்கில் விழுகிறது

சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை நடப்பதெல்லாம் அங்கே நேற்று. நேரத்தை டைம் சோன் உள்ள வகையில் வைத்து, தேதியாக மாற்றும் இடத்தில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். சந்தையைப் பொறுத்தவரை இதுவும் போதாது. இரவு 11 மணிக்கு இறங்கும் லோடு மறுநாள் வியாபாரம். 'சந்தை நாள்' என்று தனி ஃபீல்டே வைத்துவிட்டோம்.

அறிகுறி: வார்டு வாரியாக எடுத்த கணக்கு பொருந்தவில்லை

2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டு 200 ஆனது, 10 மண்டலம் 15 ஆனது. எண்களும் மாறின. அதற்கு முன் பதிவான கடையின் வார்டு 100க்கும், பின்னால் பதிவானதன் வார்டு 100க்கும் சம்பந்தம் இல்லை. அரசு கொடுக்கும் எண்ணை பிரைமரி கீ (ரெக்கார்டை அடையாளம் காட்டும் முதன்மை எண்) ஆக்கினால் இந்தச் சிக்கல் என்றாவது ஒருநாள் வரும். வார்டு டேபிளுக்குச் சொந்தமாக ஒரு எண் கொடுங்கள். வார்டு எண்ணையும், அது எந்தத் தேதி முதல் எதுவரை செல்லும் என்பதையும் சாதாரண ஃபீல்டுகளாக வையுங்கள். ஒரே வார்டு எண்ணுக்கு இரண்டு காலவரம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ள 'எக்ஸ்க்ளூட்' கட்டுப்பாடு இருக்கிறது. இதை அப்ளிகேஷனில் எழுதிச் சமாளிக்க நினைக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் சேமித்தால் அங்கே பிடிபடாது.

அறிகுறி: ஆர்டரின் ஸ்டேட்டஸ் 7 என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை

விளக்கத்தை எக்செல் ஷீட்டில் வைத்தால் மூன்றாவது மாதமே அது பொய்யாகிவிடும். டேபிளோடு ஒட்டியே வையுங்கள். 'காமென்ட் ஆன் டேபிள்', 'காமென்ட் ஆன் காலம்' (காலம் என்றால் இங்கே ஃபீல்டு) கட்டளைகள் அதற்குத்தான் இருக்கின்றன. பேக்கப் எடுத்தால் விளக்கமும் கூடவே வரும். புதிய ஃபீல்டு சேர்க்கும் அதே மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும்) ஃபைலில் விளக்கமும் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். விளக்கமில்லாத ஃபீல்டுகளைப் பட்டியலிடும் குவெரி ஒன்றை பில்டில் (ப்ரோகிராமைத் தொகுத்துச் சோதிக்கும் கட்டத்தில்) ஓட்டி, புதிதாக ஒன்று கூடினாலும் பில்டை நிறுத்துங்கள். பழையவற்றை ஒரே மூச்சில் எழுத முயலாதீர்கள். எந்த டேபிளைத் தொடுகிறீர்களோ அதற்கு அன்று எழுதினால் போதும்.

'கடை_எண்: கடையின் எண்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அளவு என்ன, கிலோவா பெட்டியா? நல் என்றால் தெரியாதா, பொருந்தாதா? இதில் யார் எழுதுகிறார்கள்? இவற்றை எழுதுங்கள். ரகசியம் எதையும் எழுதாதீர்கள், டேட்டாபேஸில் நுழைய முடிந்த யாரும் விளக்கங்களைப் படிக்கலாம்.

நாங்கள் விளக்கங்களைத் தமிழில் எழுதுகிறோம். கணக்குப் பிரிவும் லோடு பிரிவும் படித்துவிட்டு 'இது தப்பு சார்' என்று சொல்ல முடிகிறது, எனக்கு அதுதான் முக்கியம். பெயர்களைத் தமிழில் வைப்பதாக இருந்தால் மட்டும் கவனம்: போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கொள்முதல்' என்ற ஒரு சொல்லே 27 பைட் தின்றுவிடும். நீண்டால் ஒரு நோட்டீஸ் மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வெட்டிவிடும்.

கட்டுப்பாட்டின் பெயரும் விளக்கம்தான். தானாக வரும் 'ஆர்டர்ஸ்_செக்1' விடியற்காலை பிழைச் செய்தியில் வந்தால் யாருக்கும் எதுவும் புரியாது. 'எடை_பூஜ்யத்துக்கு_மேல்' என்று வந்தால் தராசு பக்கம் நிற்பவரே சரிசெய்துவிடுவார். அந்தப் பெயர் 22 குறியீடு, 62 பைட், வரம்புக்கு ஒரே ஒரு பைட்தான் மிச்சம் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்போது 'எடை_பூஜ்யம்' என்று சுருக்கிவிட்டோம்.

ஸ்டேட்டஸ் 7க்கு வருவோம். ப்ரோகிராம் முழுக்கத் தேடினேன், அதை எழுதும் இடம் இருந்தது, காரணம் இல்லை. கடைசியில் லோடு பிரிவில் இருபது வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். அன்றே ஒரு ஸ்டேட்டஸ் டேபிள் உருவாக்கி, ஆர்டரிலிருந்து அதற்கு ஃபாரின் கீ போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே விளக்கமாகச் சேர்த்தோம்:

'7: சரக்கு இறங்கிவிட்டது, காலிப் பெட்டி இன்னும் திரும்பவில்லை. பெட்டி வரும்வரை பில்லை மூடக்கூடாது. வண்டி டிரைவர் திரும்பி வந்து பெட்டி எண்ணிக் கொடுத்த பிறகு லோடு பிரிவு மட்டுமே 8 ஆக மாற்றும்.'